நிற்கக் கூடாத கிளாக்குகள்: லினக்ஸ் கெர்னலில் எந்த வழியைத் தேர்வது?

புதிய மின்சுற்றுப் பலகை ஒன்றில், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் கோளாறு ஒன்று உண்டு. வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகி, பூட் ஏறத்தாழ முடியும் தறுவாயில், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சீரியல் கன்சோல் அப்படியே உறைந்துவிடும். பூட் வரியில் ‘சிஎல்கே இக்னோர் அன்யூஸ்டு’ என்ற அளவுருவைச் சேர்த்தவுடன் அதே பலகை தடையின்றி லாகின் வரை வந்து சேரும். யாரும் பயன்படுத்தவில்லை என்று கருதிக் கெர்னல் அணைத்த ஏதோ ஒரு கிளாக், அதாவது சிப்பை இயக்கும் சீரான மின்துடிப்பு, சிப்பின் ஒரு பகுதிக்கு உண்மையில் இன்றியமையாததாக இருந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அந்தக் கிளாக்கை எப்போதும் ஓட வைப்பதற்குக் கெர்னலில் பல வழிகள் உள்ளன. அவை அனைத்துமே அன்றைய பலகையை எழுப்பிவிடும் என்பதால், கைக்கு முதலில் கிடைத்ததைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது எளிது; அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடோ பின்னாளில், கருவி உறங்கும் சஸ்பெண்டின்போதும் வடியும் பேட்டரியாகவோ, குறிப்பிட்ட ஒரு டிரைவரை அகற்றினால் மட்டும் உறையும் கருவியாகவோ வெளிப்படும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னர், கிளாக் எவ்வாறு அணைகிறது என்பதில் தெளிவு வேண்டும். லினக்ஸில் கிளாக்குகளை மேலாளும் காமன் கிளாக் ஃப்ரேம்வொர்க் 2012-இல், 3.4 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன்னர் ஏஆர்எம் சிப் குடும்பங்கள் தத்தமக்கென்று தனித்தனிக் கிளாக் நிரல்களை வைத்திருந்தன. இந்தச் சட்டகம், துடிப்பைப் பிறப்பிக்கும் படிக ஆசிலேட்டர், அதன் வேகத்தை உயர்த்தும் பிஎல்எல், குறைக்கும் பகுப்பான், மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ், துடிப்பைத் திறந்து மூடும் கேட் ஆகிய அனைத்தையும் வேரும் கிளைகளும் கொண்ட ஒரே மரமாகக் காண்கிறது. ஒவ்வொரு கிளாக்குக்கும், எத்தனை பேர் அதைக் கோரியுள்ளனர் என்பதைக் காட்டும் இரண்டு எண்ணிக்கைகள் உண்டு: பிரிப்பேர், எனேபிள். பிரிப்பேர் என்பது உறங்கக்கூடிய சூழலில் மட்டும் அழைக்கத்தக்கது. பிஎல்எல் நிலைபெறக் காத்திருப்பதோ, ஐ2சி என்ற மெதுவான இணைப்பு வழியே வெளிச் சிப்புடன் பேசுவதோ அதில்தான் நடக்கும். எனேபிள் என்பது உறங்க இடமளிக்காத ஸ்பின்லாக் என்ற பூட்டின் கீழ் நடப்பதால், வன்பொருள் குறுக்கிடும் இன்டரப்ட் சூழலிலிருந்தும் அழைக்கலாம். சேய் கிளாக்கின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து ஒன்றாகும்போது தாய்க் கிளாக்கின் எண்ணிக்கையும் ஒன்று கூடுகிறது. சேய் பூச்சியத்துக்குத் திரும்பினால் தாயினதும் ஒன்று குறைகிறது. ஆகவே சட்டகத்தைப் பொறுத்தவரை ஒரு கிளாக் தேவையா இல்லையா என்பதற்கு அந்த எண்ணிக்கை ஒன்றே சான்று. கெர்னலை ஏற்றும் பூட்லோடர் ஓட்டிவிட்ட கிளாக் வன்பொருளில் ஓடிக்கொண்டே இருந்தாலும், கெர்னலின் கணக்கில் அதன் எண்ணிக்கை பூச்சியம்தான்.

இந்த அமைப்பில் ஒரு கிளாக் எதிர்பாராமல் அணைய இரண்டு வாய்ப்புகள் உண்டு, இரண்டையும் வேறுபடுத்தாமல் தீர்வு தேடுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. முதலாவது, கெர்னலின் தொடக்கப் படிகளில் கடைசியான லேட் இனிட்கால் சிங்க் கட்டத்தில் ஒரே ஒருமுறை நடக்கும் துப்புரவு: மரத்தை அடியிலிருந்து மேலாக நடந்து, எண்ணிக்கை பூச்சியமாக இருந்தும் வன்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும் கிளாக்குகளை எல்லாம் அது அணைக்கிறது. இரண்டாவது, எண்ணிக்கை ஒன்றிலிருந்து பூச்சியத்துக்கு இறங்குவது. இது துப்புரவுக்கு முன்னரும் நடக்கலாம், பல நாள் கழித்தும் நடக்கலாம்.

இரண்டாவதற்குத் தெளிவான சான்று ராஸ்பெரி பை பலகைகளில் உள்ளது. அவற்றின் பிராட்காம் 2835 குடும்பச் சிப்பில் விபியு கிளாக் என்பது வீடியோ செயலிக்கு மட்டுமல்லாமல் சிப்பின் பகுதிகளை இணைக்கும் ஏஎக்ஸ்ஐ பஸ்ஸுக்கும் துடிப்புத் தருவது. மினி யூஆர்ட் எனப்படும் துணைச் சீரியல் போர்ட்டின் கிளாக் இதன் சேய். அந்த யூஆர்ட்டின் டிரைவர் புரோப் ஆகி (தன் கருவியைக் கண்டு இயங்கத் தொடங்கி), தன் கிளாக்கை எனேபிள் செய்து, பிறகு விட்டுவிட்டால், விபியு கிளாக்கைப் பயன்படுத்தும் வேறு டிரைவர்கள் அதற்குள் வந்து சேராதிருக்கும் நிலையில், தாயின் எண்ணிக்கை பூச்சியமாகிப் பஸ்ஸே நின்றுவிடும். துப்புரவைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் இங்கே உதவாது, ஏனெனில் இது துப்புரவால் நேர்ந்ததன்று. 2016-இல் அந்தக் கிளாக்குக்குக் கிரிட்டிக்கல் என்ற ஃப்ளாக் (நிறுத்தக் கூடாதது என்னும் குறி) சேர்க்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

முதலில் குறிப்பிட்ட பூட் அளவுருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது துப்புரவை முற்றாக நிறுத்துகிறது. சிப்பிலுள்ள ஓராயிரம் கேட்டுகளும் பூட்லோடர் விட்டுச்சென்ற நிலையிலேயே இருக்கும். கோளாறு கிளாக்கால்தானா என்று அறிவதற்கு அதைவிட விரைவான சோதனை இல்லை. ஆனால் விற்பனைக்குப் போகும் கருவியின் பூட் வரியில் அது நிலையாக அமர்ந்திருந்தால், எந்தக் கிளாக் தேவை என்று கண்டறியும் வேலையை யாரும் செய்யவில்லை என்றுதான் நான் கொள்வேன்.

அடுத்தது, கிளாக் டிரைவரில் குறிப்பிட்ட கிளாக்குக்கு மட்டும் வைக்கும் இக்னோர் அன்யூஸ்டு ஃப்ளாக். பெயர் பூட் அளவுருவை ஒத்திருப்பதுபோலவே செயலும் ஒத்தது: துப்புரவு நடக்கும்போது இந்தக் கிளாக்கைத் தாண்டிப் போ என்பது மட்டுமே அது தரும் கட்டளை. எண்ணிக்கையை அது உயர்த்துவதில்லை. இதனால் இரண்டு ஓட்டைகள் உண்டாகின்றன. கிளாக்கின் எண்ணிக்கை பூச்சியமாகவே இருப்பதால் அதன் தாய்க்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. தாய்க்கும் அதே ஃப்ளாக் இல்லையென்றால் துப்புரவு மேலே ஏறி அதை அணைத்துவிடும், சேயின் கேட் திறந்தே இருந்தும் அதன் வழியே துடிப்பு வராது. மற்றொன்று, ராஸ்பெரி பையில் பார்த்த அதே நிகழ்ச்சி: அந்தக் கிளாக்கின் சேயை வேறொரு டிரைவர் எனேபிள் செய்து பின்னர் டிசேபிள் செய்தால், எண்ணிக்கை பூச்சியத்துக்கு இறங்கும் அந்தக் கணத்தில் சட்டகம் இந்த ஃப்ளாக்கைப் பார்ப்பதே இல்லை. இந்த ஃப்ளாக்கை வைத்ததும் பலகை ஓடத் தொடங்குவதும், பிறகு ஒருநாள் யாரோ ஒரு மாட்யூலை (தனியாக ஏற்றி இறக்கக்கூடிய டிரைவரை) நீக்கும்போது உறைவதும் இப்படித்தான். கிளாக்கை அணைப்பதால் தீங்கு நேராது, ஆனால் டிரைவர் வரும்வரை அணையாமல் இருந்தால் நல்லது என்ற அளவிலான விருப்பத்துக்கு இந்த ஃப்ளாக் பொருந்தும். பழைய டிரைவர்களில் இது மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம், அவை எழுதப்பட்ட காலத்தில் வேறு எதுவும் இல்லாததே.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி 2015-இல் எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஐ குடும்பச் சிப்களை முன்னிட்டுத் தொடங்கியது. சிப்புக்குள் பகுதிகளை இணைக்கும் இன்டர்கனெக்ட்டுக்குத் துடிப்புத் தரும் கிளாக்குகள் அங்கே நிற்கக் கூடாதவை. ஆனால் அந்த இன்டர்கனெக்ட்டுக்கென்று லினக்ஸில் டிரைவர் எதுவும் இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பல வடிவங்களில் பேச்சு நடந்து, 2016-இல் கிரிட்டிக்கல் என்ற ஃப்ளாக் கெர்னலில் சேர்ந்தது. இது விருப்பத்தை அல்ல, உரிமையைப் பதிவு செய்கிறது. கிளாக் பதிவாகும் அந்த நொடியிலேயே சட்டகம் தானே அதைப் பிரிப்பேரும் எனேபிளும் செய்து, எண்ணிக்கையில் ஒன்றைத் தன் பெயரில் வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை ஒன்றாவதால் தாயும் அதற்கு மேலுள்ளவையும் தாமாகவே காக்கப்படுகின்றன. தாய் இன்னும் பதிவாகாமல் கிளாக் அநாதையாக நிற்கும் நிலையும் கவனிக்கப்பட்டுள்ளது: தாய் பின்னர் வந்து சேரும்போது சேயின் எண்ணிக்கை அதற்கு முறையாக மாற்றித் தரப்படுகிறது. யாரேனும் பிழையாக அழைத்து எண்ணிக்கையை ஒன்றுக்குக் கீழே இறக்க முயன்றால் சட்டகம் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு அழைப்பைப் புறக்கணிக்கிறது. வேகத்தைப் பற்றி மட்டும் அது எதுவும் சொல்வதில்லை. கிரிட்டிக்கல் கிளாக்கின் அதிர்வெண்ணைச் சேய் வழியே வேறொருவர் மாற்றிவிடலாம், அதைத் தடுப்பதற்கான ஏற்பாடு வேறு.

நினைவகக் கட்டுப்படுத்தியின் கிளாக், இன்டரப்ட் கட்டுப்படுத்தியின் கிளாக், முதன்மைப் பஸ்ஸின் கிளாக் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஆல்வின்னர் சிப்களில் டிராம், எம்பஸ் கிளாக்குகளும், என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம் குடும்பத்தில் சிப்புக்குள் ஓடும் நாக் வலையமைப்பின் கிளாக்கும் இப்படித்தான் குறிக்கப்பட்டுள்ளன. இவை நின்றால் கெர்னலே அடுத்த கட்டளையை எடுக்க முடியாது என்பதால், எப்போது அணைக்கலாம் என்ற கேள்வியே கெர்னலுக்கு எழுவதில்லை.

தவறான இடத்தில் இதே ஃப்ளாக் என்ன செய்யும் என்பதை இன்டெலின் பே டிரெயில், செர்ரி டிரெயில் செயலிகளின் கதை காட்டுகிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டதும் அதுவே. அந்தச் செயலிகளின் மின்மேலாண்மைப் பகுதி, வெளிச் சிப்களுக்குத் துடிப்புத் தர ஆறு கிளாக் வெளியீடுகளை வைத்திருக்கிறது. ஒலிக் கோடெக், ஈதர்நெட் சிப் போன்றவை அவற்றில் தொங்கும். ஆனால் எந்த வெளியீட்டில் எது தொங்குகிறது என்பது பலகைக்குப் பலகை மாறும், கருவியிலேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேரும் அதைக் கெர்னலுக்குச் சொல்வதில்லை. இந்த ஆறுக்கும் லினக்ஸ் டிரைவர் வந்ததும் துப்புரவு தன் வேலையைச் செய்தது. சில மடிக்கணினிகளில் ரியல்டெக் ஈதர்நெட் சிப் துடிப்பு இழந்து நின்றது. 2017-இல் இதற்குத் தரப்பட்ட மருந்து, ஃபர்ம்வேர் ஓட்டிவிட்டிருந்த வெளியீடுகள் அனைத்தையும் கிரிட்டிக்கல் எனக் குறிப்பது. ஈதர்நெட் பிழைத்தது. ஆனால் செர்ரி டிரெயில் டேப்லெட்டுகளில், யாரும் கோராத கிளாக்குகளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால், சஸ்பெண்ட் செய்தும் செயலி எஸ்0ஐ3 என்ற ஆழ்ந்த உறக்கத்தை அடைய முடியாமல் பேட்டரி வடிந்தது. கிரிட்டிக்கல் என்று ஒருமுறை குறித்ததை ஓடும் கெர்னலில் நீக்குவதற்கு அழைப்பு எதுவும் இல்லை என்பதால், இடையில் சமாதானம் செய்யவும் வழியில்லை.

2018-இல் அந்தக் குறியிடல் அடியோடு நீக்கப்பட்டது. ரியல்டெக் டிரைவரே தனக்கு வேண்டிய ஈதர் கிளாக்கைக் கேட்டு வாங்கி, தான் இயங்கும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றப்பட்டது. அந்தக் கிளாக் இல்லாத பலகைகளிலும் பழுதின்றி ஓடும்படி அது விருப்பத்துக்குரிய கிளாக்காகக் கோரப்பட்டது. அதோடும் முடியவில்லை. பே டிரெயில் செயலி கொண்ட தொழிற்சாலைக் கணினிகள் சிலவற்றில் வேறு வகை ஈதர்நெட் சிப்கள் அதே வெளியீடுகளில் தொங்கின. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே தன் கருவியைப் பார்க்கும் அவற்றின் டிரைவருக்கு, அக்கருவியின் துடிப்பு மின்மேலாண்மைப் பகுதியிலிருந்து வருகிறது என்பதை அறிய வாய்ப்பே இல்லை. 2019-இல், பலகையின் ஃபர்ம்வேரில் பதிந்துள்ள டிஎம்ஐ என்ற அடையாளப் பெயரைப் பார்த்து, பட்டியலில் உள்ள கணினிகளுக்கு மட்டும் கிளாக்குகளைக் கிரிட்டிக்கல் எனக் குறிக்கும் ஏற்பாடு வந்தது. லெக்ஸ், பெக்காஃப், சீமென்ஸ் போன்ற நிறுவனங்களின் தொழிற்சாலைப் பலகைகள் ஒவ்வொன்றாக அப்பட்டியலில் சேர்ந்தன. இரண்டே ஆண்டுகளில் ஒரே வன்பொருளுக்கு மூன்று விடைகள் தேவைப்பட்டன: அனைத்தையும் காப்பது தவறு, எதையும் காக்காதிருப்பதும் தவறு, டிரைவரால் கோர முடிந்த இடத்தில் டிரைவரும், முடியாத இடத்தில் பெயர் சொல்லிக் குறித்த பட்டியலும் என்று பிரித்த பிறகுதான் நிலைமை அடங்கியது. மின்கம்பியில் எப்போதும் செருகியிருக்கும் தொழிற்சாலைக் கணினிக்கு ஆழ்ந்த உறக்கம் ஓர் இழப்பே அன்று. டேப்லெட்டுக்கு அதுவே உயிர். ஒரே ஃப்ளாக்கின் விலை கருவிக்குக் கருவி இவ்வளவு மாறுகிறது.

விலை இன்னொரு வடிவிலும் வருகிறது. கிளாக் கட்டுப்படுத்தியே ஒரு பவர் டொமைனுக்குள் (சேர்ந்தே மின்சாரம் பெறும், இழக்கும் பகுதிக்குள்) அமர்ந்திருக்கும் சிப்களில், அதன் கிளாக் ஒன்று பிரிப்பேர் ஆகியிருக்கும்வரை சட்டகம் அந்தக் கட்டுப்படுத்தியை விழித்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. எனவே காட்சிப் பகுதிக்கோ கேமரா பகுதிக்கோ உரிய கட்டுப்படுத்தியில் ஒரேயொரு கிளாக் கிரிட்டிக்கல் ஆனாலும், அந்தக் கட்டுப்படுத்தி, கெர்னல் ஓடும்போதே தனியாக உறங்கும் ரன்டைம் சஸ்பெண்டை அடையாது, அதற்கு மின்சாரம் தரும் டொமைனும் அணையாது. குவால்காம் சிப்களுக்கான டிரைவர்களில் இது உண்மையான தொல்லையாக இருந்தது. அங்கே பின்பற்றப்படும் தீர்வு, அந்தக் கிளாக்கைச் சட்டகத்தில் பதிவே செய்யாமல், டிரைவர் புரோப் ஆகும்போது அதன் எனேபிள் பிட்டைச் சிப்பின் கட்டுப்பாட்டு இடமான ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதிவிடுவது. எஸ்சி7180 சிப்பின் முதன்மைக் கிளாக் டிரைவர் காட்சி, வீடியோ ஆகிய பகுதிகளின் ஏஎச்பி பஸ் கிளாக்குகளை இவ்வாறே ஓட்டிவிடுகிறது. எண்ணிக்கை இல்லை, துப்புரவு இல்லை, கட்டுப்படுத்தியைப் பிடித்து வைப்பதும் இல்லை.

எனினும் இது கண்ணுக்குத் தெரியாத கிளாக். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக் எஃப்எஸ்ஸின் கிளாக் சம்மரி பட்டியலில் அது வராது. பிழை தேடுபவர் மூல நிரலைப் படித்தால்தான் அப்படியொன்று ஓடுவதை அறிவார். அதைவிட முக்கியம், அதன் தாயின் கணக்கில் இந்தச் சேய் இல்லை. ஒருபோதும் நிற்காத படிக ஆசிலேட்டரிலிருந்து நேராகக் கிளைக்கும் கேட்டுக்கு இது கவலையன்று. பிஎல்எல் ஒன்றிலிருந்து வரும் கிளாக்குக்கு இதைச் செய்தால், அந்தப் பிஎல்எல்லின் பிற சேய்கள் அனைத்தும் ஓய்ந்ததும் அது அணைந்துபோகும். டொமைன் மின்சாரம் இழந்து மீளும்போது ரெஜிஸ்டர் பிட் தங்கியிருக்குமா, மீண்டும் எழுத வேண்டுமா என்பதையும் சிப்பின் ஆவணத்தில் பார்த்தாக வேண்டும். சட்டகம் நினைவில் வைத்திருந்து மீட்டுத் தராது. இவ்விரண்டுக்கும் உறுதியான விடை இருக்கும் இடத்தில் மட்டும் இந்த வழியை நான் ஏற்பேன்.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. சில குவால்காம் பலகைகளில் குறிப்பிட்ட கிளாக்குகள் பாதுகாப்பான ஃபர்ம்வேரின் உடைமை. கெர்னல் அவற்றின் ரெஜிஸ்டரைத் தொட்டாலே கருவி மறுதொடக்கமாகிவிடும். பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் புரொடெக்டட் கிளாக்ஸ் என்ற பண்பில் அவற்றைப் பட்டியலிட்டால் கிளாக் டிரைவர் அவற்றைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். கெர்னலைக் கொண்டு ஓட வைப்பதற்கான ஏற்பாடன்று இது. கெர்னலை விலக்கி வைப்பதற்கானது. துப்புரவின்போது மறுதொடக்கம் நேரும் பலகையில் கிரிட்டிக்கல் ஃப்ளாக்கைப் போடுவது நோயை மோசமாக்கும், ஏனெனில் அந்த ஃப்ளாக் ரெஜிஸ்டரை இன்னும் முன்கூட்டியே தொடச் செய்கிறது.

இப்போது, பலரும் கடைசியில் நினைப்பதும் முதலில் நினைக்க வேண்டியதுமான வழிக்கு வருகிறேன்: கிளாக்கை எந்தக் கருவி உண்மையில் நுகர்கிறதோ அதன் டிரைவரே அதைக் கேட்டு, பிடித்து வைப்பது. எப்போதும் ஓட வேண்டும் என்று தோன்றும் கிளாக்குகளில் பெரும்பகுதி, நுகர்வோர் யார் என்று யாரும் எழுதி வைக்காததால் அப்படித் தோன்றுபவை. டிவைஸ் ட்ரீயில் அந்தக் கருவிக்குரிய பதிவான கணுவில் கிளாக்கைக் குறிப்பிட்டு, டிரைவரின் புரோப்பில் அதை வாங்கி எனேபிள் செய்தால் போதும். 2022-இல் வந்த டெவ்எம் கிளாக் கெட் எனேபிள்டு என்ற உதவி அழைப்பு, வாங்குவது, எனேபிள் செய்வது, கருவி விலகும்போது விடுவது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உரிமையாளர் உறங்கும்போது கிளாக்கும் உறங்கும், டிரைவர் விலகினால் கிளாக்கும் விடுபடும், கிளாக் சம்மரியில் கணக்கு நேராகத் தெரியும். பஸ் ஒன்றின் கிளாக்குக்குத் தனி டிரைவர் எழுதத் தேவையில்லை. சிம்பிள் பிஎம் பஸ் என்ற பொது டிரைவரின் கணுவுக்குள் அந்தப் பஸ்ஸில் தொங்கும் கருவிகளை அமைத்தால், அவற்றில் ஏதேனும் விழித்திருக்கும்போது மட்டும் பஸ்ஸின் கிளாக் ஓடும்.

டிரைவரே இல்லாதது போலத் தோன்றும் இடத்திலும் இந்த எண்ணம் பயன்படும் என்பதற்குச் சிம்பிள் ஃப்ரேம்பஃபர் என்ற சிறு காட்சி டிரைவர் நல்ல எடுத்துக்காட்டு. யூபூட் என்ற பூட்லோடர் திரையை ஒளிரவிட்டுக் கெர்னலை ஏற்றுகிறது. கெர்னலில் முழுமையான காட்சி டிரைவர் இல்லை. துப்புரவு வந்ததும் திரைக்குத் துடிப்புத் தரும் பிக்சல் கிளாக் அணைந்து திரை இருண்டுவிடுகிறது. ஆல்வின்னர் பலகைகளை ஒட்டி 2014-இல் இது நீண்ட வாதத்துக்கு உள்ளானது. கிளாக்குகளை ஏதேனும் ஒரு ஃப்ளாக்கால் காக்கலாம் என்பது ஒரு கட்சி. ஃப்ரேம்பஃபர் கணுவே தனக்கு வேண்டிய கிளாக்குகளைப் பட்டியலிட்டு, அந்தச் சிறு டிரைவர் அவற்றைப் பிடித்து வைக்கட்டும் என்பது மறுகட்சி. பின்னதே ஏற்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்: முழுமையான காட்சி டிரைவர் வந்து சிம்பிள் ஃப்ரேம்பஃபரை விலக்கும்போது அந்தப் பிடிப்பும் தானே நீங்குகிறது. ஃப்ளாக்கால் காத்திருந்தால், முழு டிரைவர் வந்த பிறகும் திரையை அணைத்தாலும் பிக்சல் கிளாக் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

இந்த வழியின் பலவீனம் காலம். துப்புரவு நடக்கும்போது ரூட் கோப்பமைப்பிலிருந்து ஏற்ற வேண்டிய மாட்யூல்கள் வந்திருக்காது. அவற்றின் கிளாக்குகள் அணைந்து, டிரைவர் வந்த பின் மீண்டும் ஓடும். பெரும்பாலான கருவிகளுக்கு இது ஒன்றும் செய்யாது. இடைவெளியைத் தாங்காத கருவிக்கு, டிரைவரை மாட்யூலாக அல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டுவது மிக எளிய விடை. கிளாக் கட்டுப்படுத்தியின் டிரைவரே மாட்யூலாகத் தாமதமாக வந்தால் நிலைமை தலைகீழாகும்: துப்புரவு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அதன் பயன்படாத கிளாக்குகள் அணையாமலே தங்கிவிடும். கிரிட்டிக்கல் ஃப்ளாக்கைப் பற்றிய 2016 விவாதத்திலேயே, முதலாவது நுகர்வோர் வரும்வரை மட்டும் சட்டகம் பிடித்து வைத்து, பிறகு அவர் கையில் ஒப்படைக்கும் ஹேண்ட் ஆஃப் ஃப்ளாக் ஒன்றும் முன்மொழியப்பட்டது. அது கெர்னலில் சேரவில்லை. தற்காலிகப் பிடிப்புக்குத் தனியான ஏற்பாடு செய்துகொண்டவர்கள் உண்டு: ஐ.எம்எக்ஸ் கிளாக் நிரல், பூட் வரியில் ஏர்லிகன் போன்ற தொடக்கநிலைக் கன்சோல் கேட்கப்பட்டிருந்தால் மட்டும் யூஆர்ட் கிளாக்குகளை எனேபிள் செய்து வைத்து, லேட் இனிட்கால் சிங்க் கட்டத்தில் விட்டுவிடுகிறது.

கிரிட்டிக்கல் ஃப்ளாக்கைத் தேர்ந்த பிறகும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க வேண்டியதில்லை. ரெனெசாஸின் ஆர்-கார் சிப்களில், கருவி உறைந்தால் அதை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் டைமரின் கிளாக், பூட்டின்போது வன்பொருளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கிரிட்டிக்கல் ஆகிறது. பூட்லோடர் வாட்ச்டாக்கை இயக்கிவிட்டிருந்தால், கெர்னல் அதன் கிளாக்கை நிறுத்துவது காவலாளியை உறங்க வைப்பதாகும். இயக்கவில்லையென்றால் காக்க எதுவுமில்லை. பிராட்காம் 2835 டிரைவரிலும் இதே நிபந்தனை உள்ளது: கிளாக் பூட்டின்போது ஓடவில்லையென்றால் கிரிட்டிக்கல் ஃப்ளாக்கை டிரைவரே கழற்றிவிடுகிறது.

எங்கே எழுதுவது என்பதிலும் தேர்வு உண்டு. டிவைஸ் ட்ரீயில் கிளாக் கிரிட்டிக்கல் என்ற பண்பை எழுதி, டிரைவர் அதைப் படித்து ஃப்ளாக்கை வைக்கும் வசதி இருப்பது உண்மை. ஆனால் கெர்னல் அதை, கிளாக் ஒன்றுக்கு ஒரு கணு என்று முழு விவரத்தையும் டிவைஸ் ட்ரீயிலேயே வைத்திருந்த பழைய அமைப்புகளுக்காக மட்டும் வைத்திருக்கிறது. புதிய டிரைவர்கள் அதை அழைக்கக் கூடாது என்று நிரலின் குறிப்பே சொல்கிறது. சிப்பின் இயல்பால் நிற்கக் கூடாத கிளாக் சிப்பின் டிரைவரில் குறிக்கப்பட வேண்டும். பலகையின் இணைப்பால் தேவைப்படும் கிளாக் பலகையின் டிவைஸ் ட்ரீயில், நுகரும் கருவியின் கணுவில் வர வேண்டும். அசைன்ட் கிளாக்ஸ் என்ற பண்பு இதற்கு மாற்றாகாது. அது தாயையும் அதிர்வெண்ணையும் அமைக்குமேயன்றி கிளாக்கை எனேபிள் செய்யாது, அப்படிச் செய்யும் என்று நம்பி எழுதப்பட்ட டிவைஸ் ட்ரீகள் நிறையவே உண்டு.

ஆகவே முடிவெடுக்கும்போது நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் பூட் அளவுருவைக் கொண்டு காரணம் கிளாக்தான் என்று உறுதி செய்து, துப்புரவில் அணையும் கிளாக்குகளின் பெயர்களை அச்சிடச் செய்து குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதைச் சிப்பின் ஆவணத்திலும் பலகையின் மின்சுற்று வரைபடத்திலும் பார்க்க வேண்டும். அங்கே லினக்ஸ் டிரைவர் உள்ள கருவி இருந்தால், அந்த டிரைவரைத் திருத்துவதே வழி. அதற்கு அதிக நாள் பிடித்தாலும் வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. பஸ், நினைவகம், இன்டரப்ட் கட்டுப்படுத்தி போன்ற, கெர்னலின் இயக்கத்துக்கே அடித்தளமான ஒன்று இருந்தால் கிரிட்டிக்கல் ஃப்ளாக். அந்த ஃப்ளாக் ஒரு பவர் டொமைனையே விழித்திருக்க வைக்கும் என்று தெரிந்து, தாய் ஒருபோதும் நிற்காதது என்பதும் உறுதியானால், பதிவு செய்யாமல் பிட்டை எழுதும் வழி. உடைமை ஃபர்ம்வேருடையது என்றால் புரொடெக்டட் பட்டியல். புதிதாக எழுதும் நிரலில் இக்னோர் அன்யூஸ்டு ஃப்ளாக்குக்கு இந்த வரிசையில் நான் இடம் தருவதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பலகை பூட் ஆவதை மட்டும் பார்த்து வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது. அந்தக் கிளாக்கின் சேய்களைப் பயன்படுத்தும் டிரைவர்களை ஒவ்வொன்றாக அகற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். கிளாக் சம்மரியில் தாயின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இருக்கிறதா, வன்பொருள் நிலையைக் காட்டும் பத்தி அதனுடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கருவியைச் சஸ்பெண்ட் செய்து, அந்தச் சிப்பின் மிக ஆழ்ந்த உறக்க நிலையின் கணக்கி நகர்கிறதா என்பதை அளக்க வேண்டும். ஃப்ளாக் வைக்கும் வரிக்கு மேலே, இந்தக் கிளாக் நின்றால் எது நிற்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் குறிப்பாக எழுதி வைத்தால், பின்னாளில் அந்தச் சிப்பின் சஸ்பெண்டைச் சீர்செய்ய வருபவர் அதை நீக்கலாமா கூடாதா என்று மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிராது.